கைடு காட்டிய காரைக்கால்

காரைக்கால்காரனுக்கு வெளிமாநிலம் போவது பெரிய காரியமே இல்லை. வடக்கே நந்தலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் தமிழ்நாடு. மேற்கே அம்பகரத்தூரைத் தாண்டினாலும் அதே தமிழ்நாடு. கிழக்கே மட்டும் கடல். அந்தப் பக்கம் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதை எங்கள் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சொந்தத் தலைநகரமான புதுச்சேரிக்குப் போவதுதான் கஷ்டம். இன்னொரு மாநிலத்துக்குள் 130 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்க வேண்டும்.

ஆகவே, நாங்கள் தினமும் ஊர் சுற்றுகிறவர்கள். சுற்றுலா மட்டும் போவதில்லை. அதிலும் எங்கள் ஊருக்கே நாங்கள் சுற்றுலா போவது என்பது, என் சகலை சீனாவுக்குப் போய் வரும்வரை யாருக்கும் தோன்றாத யோசனை.

சகலை இருப்பது சென்னை வேளச்சேரியில். கம்பெனி வேலையாக ஷாங்காய் போனவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை கைடோடு போகும் ஒருநாள் சுற்றுலா பஸ்ஸில் ஏறிவிட்டார். ஷாங்காயின் மேற்கு ஓரத்தில் சூஜியாஜியாவ் என்று ஒரு பழைய வாய்க்கால் ஊர். தெருவுக்குப் பதில் வாய்க்கால், வாசற்படி இறங்கினால் தண்ணீர், தண்ணீருக்கு மேலே கல் பாலங்கள். 1571-இல் கட்டிய ஐந்து வளைவுப் பாலம் ஒன்று அங்கே பிரசித்தம். அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் பையில் உயிர்மீன் விற்பார்களாம். காசு கொடுத்து வாங்கி ஆற்றில் விட்டால் புண்ணியம். எங்கள் ஊரில் ஒருவர் காசு கொடுத்து மீன் வாங்கி அரசலாற்றில் விட்டால், வீட்டில் குழம்புக்குப் புளி கரைத்து வைத்திருப்பவர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

அன்றிலிருந்து கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றிலும் சகலை அந்தப் பாலத்தைப் பற்றித்தான் பேசினார். போன் முழுக்கப் பாலம். ஒருநாள் அவரே போன் செய்து சொன்னார்: "அண்ணே, உங்க ஊருலயும் ஆறு இருக்கு, பாலம் இருக்கு, வரலாறு இருக்கு. கைடுதான் இல்ல. எங்க அப்பார்ட்மெண்ட்காரங்களோட மே மாசம் ஒரு சனிக்கிழமை வர்றோம். வேன், கைடு எல்லாம் சொல்லியாச்சு. உங்களுக்கும் அக்காவுக்கும் சேத்துப் பணம் கட்டிட்டேன்."

பணம் கட்டிய பிறகு மறுத்துப் பேச என் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

அட்டவணை வாட்ஸ்அப்பில் வந்தது. காலை 7 மணி தரங்கம்பாடி. 9.30 காரைக்கால் அம்மையார் கோயில். 10.15 திருநள்ளாறு, 45 நிமிடம். 11.30 பிரெஞ்சுக் காரைக்கால். 1 மணி சாப்பாடு. 3 மணி அரசலாற்றில் படகு. 5 மணி ஷாப்பிங். இதைப் படித்ததுமே எனக்கு ஒன்று புரிந்தது. இதை எழுதியவர் சனிக்கிழமையில் திருநள்ளாற்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

கைடு கும்பகோணம் பக்கத்துப் பையன். எம்.ஏ. வரலாறு படித்தவன், நல்ல குரல், கையில் ஒரு ரோஸ் நிறக் குடை. சீனாவில் கைடு நீளமான குச்சியில் பாண்டா பொம்மை கட்டிப் பிடித்திருப்பார், அதைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் பின்னால் போக வேண்டும் என்று சகலை சொல்லியிருப்பார் போலிருக்கிறது. "எல்லாரும் இந்தக் குடையை மட்டும் பாருங்க" என்று தம்பி மைக்கில் சொன்னான். அப்புறம் என்னைப் பார்த்து, "சார் எந்த ஊரு?" என்றான்.

"இந்த ஊருதான் தம்பி."

அவன் முகம் சுருங்கியது. அன்று சாயங்காலம்வரை ஒவ்வொரு வருஷத்தைச் சொன்ன பிறகும் என் பக்கம் திரும்பி, "சரிதானே சார்?" என்றான். நானும் கண்ணை மூடிக்கொண்டு, யோசித்துப் பார்ப்பவனைப் போல, "சரிதான், சரிதான்" என்றேன். காரைக்காலில் பிறந்தவனுக்கு எந்தக் கடையில் கருவாடு நன்றாக இருக்கும் என்று தெரியும். வருஷமெல்லாம் வெளியூர்க்காரர்கள்தான் தெரிந்து வைத்திருப்பார்கள்.

தரங்கம்பாடியில் காற்று நன்றாக இருந்தது. 1620-இல் ஓவே யெட்டே என்ற டென்மார்க் தளபதி தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டினார், சீகன்பால்கு 1706-இல் இங்கே வந்து இறங்கிப் பிறகு தமிழில் அச்சடித்தார் என்றெல்லாம் தம்பி சொன்னபோது எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1845-இல் டென்மார்க்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள் என்றதும் வேனே நிமிர்ந்து உட்கார்ந்தது. "கோட்டையோடவா? பீச் ஃபேஸிங்கா?" என்றார் நங்கநல்லூர் மாமா ஒருவர். வேளச்சேரியில் அந்தக் காசுக்கு ஒரு படுக்கையறைகூட வராது என்று சகலை வருத்தப்பட்டார்.

திரும்பி நந்தலாற்றைத் தாண்டியதும் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அந்தக் குட்டைத் தொப்பியைப் புதுச்சேரி மாநிலத்தில் எங்கும் பார்க்கலாம். வேன் நின்றது. அவரோடு எல்லோரும் செல்பி எடுத்துக்கொண்டார்கள். வண்டியை நிறுத்தியது ஆர்.சி. புத்தகம் கேட்பதற்காக என்பதை அவர் கடைசியில்தான் சொல்ல முடிந்தது.

அம்மையார் கோயிலில் தம்பி கதையை அழகாகவே சொன்னான். கணவர் பரமதத்தன் கொடுத்தனுப்பிய மாம்பழம் இரண்டு. அதில் ஒன்றைச் சிவனடியாருக்குப் போட்டுவிட்டார் புனிதவதி என்ற அம்மையார். மிச்சமிருந்ததைச் சாப்பிட்ட கணவர், "இன்னொண்ணு எங்கே?" என்று கேட்க, இறைவனை வேண்டி ஒன்று வரவழைத்தார். விஷயம் தெரிந்த கணவர் பயந்துபோய்க் கப்பலேறிப் பாண்டிநாட்டில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். "அந்தம்மா கேட்ட நிமிஷத்துல மாம்பழம் வரவழைச்சாங்க. நான் ஒரு வாரமா சொல்றேன், ஒரு கிலோ பங்கனப்பள்ளி வீட்டுக்கு வரல" என்றாள் என் மனைவி. வேனில் இருந்த பெண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் பரமதத்தர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனி மாதப் பௌர்ணமியில் நடக்கும் மாங்கனித் திருவிழாவில், சுவாமி வீதி உலா வரும்போது மாடியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். பிடித்தவருக்குப் பிள்ளைவரம். மே மாதத்தில் இறைக்க எதுவும் இல்லாததால் தம்பி வெறும் கையை வீசிக் காட்டினான். நங்கநல்லூர் மாமா அந்த இல்லாத மாம்பழத்தை எம்பிப் பிடித்தார். எழுபது வயதில் இதெல்லாம் எதற்கு என்று மாமி கேட்டார்.

திருநள்ளாற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு ராசியில் இரண்டரை வருஷமும், ஏழரை என்று பிடித்தால் ஏழரை வருஷமும் எடுத்துக்கொள்ளும் சனீஸ்வரருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் தன் வழக்கப்படியே எடுத்துக்கொண்டார். நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களுக்கு நடுவே எங்கள் ரோஸ் குடை ஒருமுறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. தரிசனம் முடிந்து வேனுக்கு வந்தபோது அட்டவணையில் பாதி நாள் காணாமல் போயிருந்தது. "பரிகாரம்னா இதுதான்" என்று டிரைவர் ஒரே வார்த்தையில் முடித்தார்.

பிரெஞ்சுக் காரைக்காலை நட்டநடு வெயிலில் பார்த்தோம். இந்த ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன கதையை யாராவது சினிமாவாக எடுக்கலாம். தஞ்சை மராட்டிய மன்னர் சாகுஜி, புதுச்சேரி கவர்னர் துய்மாவிடம் விலை பேசினார். பேசி முடித்த பிறகு தர மறுத்தார். அப்போது சந்தா சாகிப் நடுவில் புகுந்து, படையோடு வந்து ஊரைப் பிடித்து 1739-இல் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார். அப்படி வந்த காரைக்காலிலிருந்து ஆட்சி விலகியதும் தவணை முறையில்தான். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் 15-ம் லீவு, 16-ம் லீவு, நவம்பர் 1-ம் லீவு. காலனி ஆதிக்கத்தின் கொடுமைகளைப் பரீட்சையில் எழுதுகிற அதே பையன், இந்த ஒரு நன்மையை மட்டும் மனதில் வைத்துக்கொள்வான்.

இந்த இடத்தில்தான் நங்கநல்லூர் மாமா காணாமல் போனார். கத்திரி வெயிலில் காரைக்கால் தெருவில் எத்தனை ரோஸ் குடை போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. மாமா "குடையை மட்டும் பாருங்க" என்ற உத்தரவை ஒழுங்காகக் கடைப்பிடித்து, மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் குடைக்குப் பின்னாலேயே அவர் வீட்டு வாசல்வரை போய்விட்டார். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்து, விஷயம் கேட்டு, சிரித்து, திண்ணையில் உட்காரவைத்து நீர்மோர் கொடுத்திருக்கிறார். கறிவேப்பிலை, இஞ்சி, ஒரு பச்சை மாங்காய்த் துண்டு. அந்த வீட்டுத் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். படம் மாட்டியிருந்தது, மெடல் இருந்தது. ஜூலை 14-ஆம் தேதி பிரெஞ்சு தேசிய தினத்தன்று இப்போதும் ஊரில் ஊர்வலம் போவதை மாமாவுக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் வேர்த்து விறுவிறுத்து அவரைத் தேடிப் பிடித்தபோது, "நீங்கள்லாம் என்ன பாத்தீங்க?" என்று கேட்டார். பூட்டியிருந்த ஓட்டுக் கட்டிடம் ஒன்றின் கதவைப் பார்த்தோம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு படகு. சீனாவோடு போட்டி போட சகலை காத்திருந்த கட்டம் இது.

எங்கள் ஊரில் ஆற்றுக்குப் பஞ்சமில்லை. அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, நந்தலாறு, திருமலைராயனாறு, புறவடையனாறு என்று விரல்விட்டால் ஏழு வரும். சுமார் 160 சதுர கிலோமீட்டர் மாவட்டத்துக்கு ஏழு ஆறு! காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு, அதாவது காரைக்காலுக்கு, ஒதுக்கிய தண்ணீர் 7 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018-இல் கர்நாடகம், தமிழ்நாடு இரண்டின் கணக்கைத் திருத்தியபோதும் எங்கள் ஏழில் கை வைக்கவில்லை. ஆற்றுக்கு ஒரு டி.எம்.சி., சண்டைக்கு இடமில்லாத பாகப்பிரிவினை. ஆனால் நாங்கள் கடைமடை. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால், வழியில் எல்லோரும் குளித்து, குடித்து, நாற்று நட்டு முடித்த பிறகுதான் தண்ணீர் எங்களை விசாரிக்க வரும். மே மாதத்தில் மேலே ஆற்றுக்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள்.

"அப்ப படகு எதுல ஓடும்?" என்றார் மாமா.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கடல் ஏறி வந்து அரசலாற்றை நிரப்பி வைக்கும். அந்த உப்புத் தண்ணீரில் ஓடும். காவிரி வராவிட்டால் என்ன, கடல் கைமாற்றுக் கொடுக்கிறது. ஒரு கரையில் மீன்பிடிப் படகுகள், நடுவில் கொக்கு, தலைக்கு மேலே சூரியன். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்ட சகலை, "சீனாவில் இந்நேரம் பாலத்துக்கு அடியில..." என்று ஆரம்பித்தார்.

அப்போதுதான் அன்று முழுவதும் என் தலையாட்டலுக்காகக் காத்திருந்த தம்பி, யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒரு விஷயம் சொன்னான். "சார், நீங்க சீனா போய் வரலாறு பாத்தீங்க. சீனாக்காரங்க அதுக்கு முன்னாடியே இங்க வந்துட்டாங்க." இங்கிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் நாகப்பட்டினம். அங்கே செங்கல்லில் கட்டிய கோபுரம் ஒன்று இருந்தது. சீனக் கோபுரம் என்றே பெயர். 14-ஆம் நூற்றாண்டில் கடற்பயணம் வந்த வாங் தாயுவான், 1267-இல் கட்டி முடித்ததாகச் சீன எழுத்து பொறித்த கோபுரம் ஒன்றைப் பார்த்ததாக எழுதி வைத்தார். நாகப்பட்டினத்தைத்தான் அவர் சொல்கிறார் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கடலோடிகளுக்கு அடையாளமாக நூற்றாண்டுக் கணக்கில் நின்ற அந்தக் கோபுரத்தை 1867-இல் அரசு அனுமதியோடு இடித்துவிட்டார்கள்.

"இடிச்சிட்டாங்களா?" என்றார் சகலை. முதல் தடவையாக அவர் குரலில் பாலம் இல்லை. "அவங்க 1571-இல் கட்டின பாலத்தைச் சீர்பண்ணி இன்னைக்கும் பஸ் பஸ்ஸா ஆளக் கூட்டிட்டு வர்றாங்க அண்ணே."

படகு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் போனது. டீசல் தீர்ந்திருந்தது.

ஷாப்பிங்கில் சீனாவை நாம் ஜெயித்தோம். அங்கே கைடுகள் சுற்றுலாப் பயணிகளை முத்துக் கடைக்கும் பட்டுக் கடைக்கும் தள்ளிக்கொண்டு போவார்களாம், வாங்காமல் வெளியே வருவது பெரும்பாடு என்று சகலை சொல்லியிருந்தார். காரைக்காலில் தள்ள வேண்டியதே இல்லை. "அரை மணி நேரம் ஷாப்பிங்" என்று தம்பி சொல்லி வாயை மூடுவதற்குள் வேனில் ஆண்கள் எவரும் இல்லை. குடை பார்க்காமல், வழி கேட்காமல், வரிசை தப்பாமல் மதுக்கடைக்குப் போனார்கள். அன்று நேரம் தவறாமல் நடந்த ஒரே நிகழ்ச்சி அதுதான். பெண்கள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வாடாவை, மேலே பதிந்திருந்த இறாலோடு சுடச்சுடத் தின்றார்கள். எது நல்ல கொள்முதல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சகலை இப்போது கல்யாணங்களில் காரைக்காலைப் பற்றிப் பேசுகிறார் என்று கேள்வி. என் தீர்ப்பும் அவருடையதுதான், சின்னத் திருத்தத்தோடு. சீனத்து வாய்க்கால் ஊர்களில் இருக்கும் எல்லாம் எங்களிடமும் உண்டு. அவர்கள் பழையதை இடிக்கவில்லை, வாய்க்காலில் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். கைடுகூடக் கிடைத்துவிட்டான்; நல்ல பையன், வேலை கொடுங்கள்.

நீங்களும் வாருங்கள். ஆனியில் வந்தால் மாம்பழம், ஐப்பசிக்கு மேல் வந்தால் ஏழு ஆற்றிலும் தண்ணீர். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். குடையை உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள், ரோஸ் நிறம் தவிர எதுவானாலும் சரி.