163.63 மீட்டர் மலையேற்றம்

சிங்கப்பூரின் மிக உயரமான இயற்கைக் குன்று புக்கிட் தீமா. உயரம் 163.63 மீட்டர், அந்த 63 சென்டிமீட்டரை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. நகரின் பல கட்டடங்கள் இதைவிட உயரம். மின்தூக்கி வைத்த பாவத்தால் அவை மலைக் கணக்கில் சேரவில்லை.

1883இல் இக்குன்று காப்புக்காடானது. அதற்கு முன்பே, 1854இல், இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் இப்பகுதியில் ஏறத்தாழ 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். இன்றைய பார்வையாளர் பெரும்பாலும் சேகரிப்பது காலடி எண்ணிக்கையை.

உச்சிவரை தளமிட்ட சாலை உண்டு. முழங்கால் உறை, ஊன்றுகோல், மூன்று நாளுக்கான தண்ணீர் சகிதம் புறப்படும் இளைஞரை, கைவீசி நடக்கும் பாட்டி ஒருவர் வழியில் முந்திச் செல்வார். உச்சியில் உயரம் பொறித்த பாறை, படமெடுக்க வரிசை. மரங்கள் மறைப்பதால் காட்சி அதிகமில்லை. காட்டைக் காக்கும் இடத்தில் மரம் மறைக்கிறது என்று குறைபடுவோரும் உண்டு.

இங்குள்ள நீள்வால் குரங்குகளுக்கு உணவிட்டால் முதல்முறையே 5,000 வெள்ளிவரை அபராதம். குரங்கே பையைப் பறித்தால் அதற்கு அபராத விதி கிடையாது.