ஏசியை அணைத்தால் ஏறிவிடும்

போன கிருத்திகையன்று நடந்தது. பத்து நாளாகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை. தணிகை என்றால் சினம் தணிந்த இடம். சூரனை முடித்துவிட்டு வந்த முருகனுக்கே இந்த மலையில்தான் கோபம் அடங்கிற்று. அதனால்தான் சஷ்டிக்கு இங்கே சூரசம்ஹாரம் கிடையாது. ஆனால் ஷேர் ஆட்டோவிடம் தோற்றவனுக்கு அந்த மகிமை பலிக்காது போலிருக்கிறது.

திருத்தணி மலைப்பாதையில் பாதி தூரம். வண்டியில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார், மாமியாரின் தூக்குவாளி. இரண்டாவது கியர். இன்ஜின் சுவர் இடிக்கிற மாதிரி சத்தம் போடுகிறது, வண்டி மட்டும் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன். அப்போதுதான் அந்த ஷேர் ஆட்டோ வந்தது. ஒன்பது பேர் இருந்தார்கள், எண்ணினேன், எண்ணுகிற அளவுக்கு நிதானமாகத்தான் கடந்து போனது. ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டே போனார். பின்சீட்டுப் பிள்ளை ஒன்று எங்களுக்கு டாட்டா காட்டியது.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். மாமியார் முன்னால் எக்கி, “மாப்ளே, நான் வேணா இறங்கி நடந்து வரட்டுமா?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமான கரிசனம். அவருக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. அவர் இரக்கப்படுகிற இடத்தில் என் வண்டி இருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது, எங்களோடு கிளம்பி 365 படியும் ஏறி வந்த பக்கத்து வீட்டுக்காரர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். பொட்டலத்தில் பாதி காலி.

இத்தனைக்கும் நான் அடிவாரத்திலேயே ஏசியை அணைத்துவிட்டேன்.

ஏசியை அணைப்பது பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேடு கண்ணில் பட்டதும் கை தானாகப் போகிறது. கோயிலைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரிதான், யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. மேடு ஏறத் தொடங்கியபின் அணைப்பவர்கள் கற்றுக்குட்டிகள். மேடு வருவதற்கு முன்பே அணைத்து, இன்ஜினை மனரீதியாகத் தயார்ப்படுத்துபவர்கள் நடுத்தரம். என் பெரியப்பா மேல்தரம்: திருப்பதி மலைக்குப் போவதென்றால் புத்தூரிலேயே அணைத்துவிடுவார். சித்திரை மாதம், வெளியே அனல். “இப்பவே கொஞ்சம் பவரைச் சேத்து வெச்சுக்கணும்டா” என்பார். சேர்த்து வைத்த பவர் எங்கே இருக்கும் என்று அவரிடம் கேட்கிற தைரியம் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

ஏசியோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டா என்று தெரியவில்லை. நான் பாட்டையும் நிறுத்துவேன். சீர்காழியார் பாட்டுக்கு எத்தனை குதிரை சக்தி செலவாகும் என்று கேட்காதீர்கள், மேட்டில் பாட்டு ஓடினால் எனக்கு மனசு கேட்காது. அடுத்தது ஜன்னல். நாலும் இறங்கும். பிறகு பேச்சு நிற்கும். பிள்ளைகள் சண்டை போட்டால் “மலை ஏறுதில்ல, சும்மா இருங்க!” என்று அதட்டுவேன். அதற்கப்புறம் எல்லோரும் முன்னால் சாய்வார்கள். யாரும் சொல்லவே வேண்டாம். மாமியார் தூக்குவாளியை மடியிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வார், பாரம் வண்டியின் மேல் விழக் கூடாதாம். மனைவி டேஷ்போர்டில் கை வைப்பாள். அவள் அதைத் தள்ளுகிறாள் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

மேலே சேர்ந்ததும் உடனே ஏசியைப் போடக் கூடாது. இன்ஜின் மூச்சு வாங்க வேண்டும். சவாரி முடிந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டுமுன் நிறுத்தி வைப்பார்களே, அந்த மரியாதை. இந்தப் பழக்கம் மலையோடு நிற்பதுமில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் அணைத்திருக்கிறேன். அரக்கோணம் போகிற வழியில் ரயில்வே மேம்பாலத்தில் அணைத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தின் அடித்தள வாகன நிறுத்தத்திலிருந்து மேலே வருவதற்கு அணைத்தேன். மொத்தம் நாற்பது அடி சரிவு இருந்தால் அதிகம். முன்சீட்டில் இருந்த சம்பந்தி, பழகிய மனிதர், ஒன்றும் சொல்லாமல் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர்சார்ஜர் கிட் வாங்கலாமா கூடாதா என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆரம்பித்து வைத்தவன் மச்சினன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கிருத்திகைக் கதையை அவன் அம்மா விவரமாகவே சொல்லியிருக்கிறார். “மாமா, உங்க வண்டிக்குப் பிக்கப் இல்ல, அவ்ளோதான். ஒரு சூப்பர்சார்ஜர் போட்டுட்டா பிச்சுக்கும்” என்றான். எது பிய்த்துக்கொள்ளும் என்று அப்போது நான் கேட்கவில்லை.

விவரம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், இது கொல்லன் பட்டறைத் துருத்திதான். இன்ஜின் தானாக உறிஞ்சுகிற காற்று போதவில்லை என்றால் வெளியிலிருந்து அழுத்தி ஊதுவது. காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், பெட்ரோல் கூடினால் பவர் கூடும். இதில் ஒரு வகைக்கு ரூட்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் இண்டியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கியது, இரும்பு உலைக்குக் காற்றடிக்கப் பயன்பட்டது. அப்போது கார் என்ற ஒன்றே கிடையாது. 1885-இல் டைம்லர் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தருகிற யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். 1921-இல் மெர்சிடிஸ் அதைக் கடையில் விற்கிற காரிலேயே பொருத்தியது. பின்னால் உலகப் போரில், இருபதாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்துபோகிற இடத்தில் பறக்கும் போர் விமானங்களுக்கு இதுதான் மூச்சு கொடுத்தது. நான் இதைக் கேட்டது சுண்டல் விற்கிற உயரத்துக்கு.

நான் எதையும் விசாரிக்காமல் வாங்குகிற ஆள் இல்லை. மிக்சி வாங்க நாலு மாதம் விசாரித்தவன். நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். என் வண்டி 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பத்தேழு குதிரை. கம்பெனிப் பெயர் எதற்கு, உங்கள் தெருவிலேயே நாலு நிற்கும். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதோடு ஒரு 5 பிஎஸ்ஐ சேர்த்து ஊதினால் மூன்றில் ஒரு பங்கு காற்று கூடுதல். காகிதத்தில் நாற்பத்தேழு அறுபத்து மூன்றாகிவிடுகிறது. காகிதத்தில் நான் அன்றிரவே ஆட்டோவை முந்திவிட்டேன்.

மறுநாள்தான் வில்லங்கம் தெரிந்தது. அந்தத் துருத்தியைச் சுற்றுவது யார்? இன்ஜினேதான், பெல்ட் போட்டு. ஏசி கம்ப்ரசரைச் சுற்றுகிற அதே இன்ஜின். ஒரு கம்ப்ரசர் நாலு குதிரையைத் தின்கிறது என்று அடிவாரத்திலேயே அதை அணைக்கிற பரம்பரை நாங்கள். அதே இன்ஜின் தலையில் இன்னொரு கம்ப்ரசரை ஏற்றி, இது வாங்குவதைவிட அதிகமாகத் திருப்பித் தரும் என்கிறான் மச்சினன். அவனுடைய அண்ணனும் என்னிடம் கைமாற்று வாங்கும்போது இதையேதான் சொன்னான்.

பெல்ட்டில் ஓடுகிற நிஜமான கிட் என்று வந்தால் ஊதுகுழலோடு முடிவதில்லை. அதைத் தாங்கப் பிராக்கெட், நீளமான பெல்ட், வேறு அளவில் புல்லி. காற்றை அழுத்தினால் சூடாகும், அதை ஆற்ற இன்டர்கூலர். கூடுதல் பெட்ரோலுக்குப் பெரிய இன்ஜெக்டர். இதையெல்லாம் ஈசியூ என்கிற வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க ரீமேப். இவ்வளவு பவரைத் தாங்கக் கிளட்ச், நிறுத்தப் பிரேக். கூட்டிப் பார்த்தேன். வண்டியை இன்று விற்றால் என்ன வருமோ அதைத் தாண்டி நின்றது. வண்டியை விற்றுவிட்டுக் கிட்டை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

மச்சினன் அசரவில்லை. “கரண்ட்ல ஓடுறது இருக்கு மாமா” என்று ஒன்றை வரவழைத்துவிட்டான். பெட்டியின் மேல் தீப்பிழம்பு படம். முப்பது சதவீதம் பவர், இருபத்தைந்து சதவீதம் மைலேஜ். உள்ளே பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன விசிறி, கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி. அடியில் 12 வோல்ட், 4 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் நாற்பத்தெட்டு வாட், மேசை விசிறி. என் மூன்று சிலிண்டருக்கு 5 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று ஊத வேண்டுமென்றால் இரண்டரை கிலோவாட் பக்கம் வேண்டும். அதாவது 750 வாட் மிக்சி மூன்று ஒரே நேரத்தில் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் அதற்கு இருநூறு ஆம்பியருக்கு மேல் ஆகும், என் ஆல்டர்னேட்டர் அதைக் கேட்டால் அழுதுவிடும். இதைவிடக் கொடுமை, இன்ஜின் முழு வேகத்தில் உறிஞ்சும்போது அந்த விசிறி காற்றைத் தள்ளாது, வழியில்தான் நிற்கும். வாசற்படியில் நின்றுகொண்டு எல்லோரையும் “உள்ளே வாங்க, உள்ளே வாங்க” என்று வரவேற்கிற பெரியவரைப் போல.

இருந்தாலும் பொருத்திப் பார்த்தேன். அடிவாரத்திலிருந்து மேலே வரை போனில் நேரம் பிடித்தோம். விசிறியோடு ஆறு விநாடி அதிகம். விசிறியைக் கழற்றி, மாமியாரை வீட்டில் விட்டுவிட்டுப் போனபோது பத்தொன்பது விநாடி குறைவு. ஆய்வு என்றால் நேர்மை வேண்டும் என்று அதையும் நோட்டில் எழுதினேன்: “மாமியார்: கிட்டைவிட அதிகப் பலன், செலவில்லை.” நோட்டை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. விசிறி இப்போது என் மேசையில் இருக்கிறது. டீ ஆற்றுகிறது, குறை சொல்ல முடியாது.

கடைசியாக அரக்கோணம் ரோட்டில் எங்கள் மெக்கானிக்கிடம் போனேன். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்துக்கு வந்துவிட்ட செய்தி அவருக்கு இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை, கோபம் வந்தால் தெலுங்குதான். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி நோட்டின் பக்கங்களை எல்லாம் கேட்டார். பிறகு தமிழிலேயே சொன்னார்: “சார், பையனுக்கு மூச்சு வாங்குதுன்னு வாயில சைக்கிள் பம்பு வெச்சு அடிக்கச் சொல்றீங்க. ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன் போகும். அப்புறம் என்கிட்டதான் வருவீங்க.” இது தவிர 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதெல்லாம் பரவாயில்லை. போகும்போது அவர் ஒன்று சொன்னார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “நீங்க ஏசியை ஆஃப் பண்றதே வேஸ்ட் சார். ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா கம்ப்யூட்டரே கம்ப்ரசரைக் கொஞ்ச நேரம் நிறுத்திடும்.”

நான் நம்பவில்லை. நம்பினால் பெரியப்பாவின் புத்தூர் வியர்வைக்கு என்ன அர்த்தம்? கத்திப்பாராவுக்கு என்ன அர்த்தம்? சம்பந்தி கண்ணாடியை இறக்கினாரே, அந்த மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வது? பாரம் ஏற்றிய வண்டியைப் பற்றி ஒரு கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், அதற்கு மாமியார் உண்டா? மறுவாரம் மேட்டில் மெக்கானிக் சொன்னபடி ஏசியை அணைக்காமலே மிதித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு சின்ன ‘டக்’ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கேட்கவில்லை என்றே வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

எங்கள் ஊர் சன்னிதியில் வாகனமாக நிற்பது மயில் அல்ல, யானை. தெய்வானைக்குச் சீதனமாக இந்திரன் கொடுத்த ஐராவதம், முகத்தைக் கிழக்கே திருப்பியபடி நிற்கிறது. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இப்போதுதான் விளங்குகிறது. மயில் சமதரையில் ‘டாப் ஸ்பீடு’. மேட்டுக்கு வேண்டியது இழுவை, அதற்கு யானை. சுவாமிக்கு மாமனார் ஐராவதம் கொடுத்தார். என் மாமனார் கிரைண்டர் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிறது, அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை, ஆனால் அது மலை ஏறாது.

கிட் விஷயமாக இன்னும் இரண்டு பேரை விசாரிக்க வேண்டியிருக்கிறது. அதுவரை, ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். முன்னால் ஒரு வெள்ளை வண்டி, நாலு கண்ணாடியும் இறங்கி, உள்ளே ஐந்து பேரும் முன்னால் சாய்ந்தபடி, பின்சீட்டில் ஒரு அம்மாள் தூக்குவாளியை அந்தரத்தில் பிடித்தபடி ஊர்ந்துகொண்டிருந்தால் அது நாங்கள்தான். ஹாரன் அடிக்காதீர்கள். ஏசியை ஏற்கெனவே அணைத்தாகிவிட்டது.