சார்ஜரைப் பார்த்து வாங்கு

மடிக்கணினி வாங்கப்போகிறேன் என்று வீட்டில் வாய்விட்டுச் சொன்ன நிமிடத்திலிருந்து அது உங்கள் மடிக்கணினி அல்ல. பணம் மட்டும்தான் உங்களுடையது. தேவை பையனுடையது, தொழில்நுட்ப அறிவு மச்சினனுடையது, இறுதி ஒப்புதல் மனைவியுடையது. "இருக்கறது என்னடா பண்ணுச்சு உன்னை?" என்ற கேள்வி அப்பாவுடையது.

என் தேவை மிகவும் எளியது. ஒரு பத்திரிகையில் பிறர் எழுதுவதைத் திருத்திக்கொடுக்கிற வேலை எனக்கு. விட்டுப்போன 'ப்'பைச் சேர்ப்பேன், வேண்டாத 'க்'கை எடுப்பேன். இதற்குக் கணினியிடம் அசுர வேகம் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்குகிற ஆள் நான். காலை ஒன்பது மணி வண்டியில் பையை முதுகில் மாட்ட இடமிருக்காது, நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். சைதாப்பேட்டை வருவதற்குள் பையின் ஒவ்வொரு நூறு கிராமும் தன்னைத் தனித்தனியாக அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஆகவே லேசாக இருக்கவேண்டும், ஐம்பதாயிரத்துக்குள் முடியவேண்டும். அவ்வளவுதான் என் கோரிக்கை.

மச்சினன் இதை ஏற்கவில்லை. "மாமா, வாங்கறதுன்னா ஃப்யூச்சர் ப்ரூஃபா வாங்கிடணும். அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க வீடியோ எடிட் பண்ண மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

நிச்சயம் எதுவும் என்னால் தர முடியவில்லை. அஞ்சு வருஷம் கழித்து நான் பரதநாட்டியம் ஆடமாட்டேன் என்பதற்கும்தான் நிச்சயம் கிடையாது. அதற்காக இப்போதே சலங்கை வாங்கவேண்டுமா என்று கேட்க நினைத்து, அவன் அக்கா பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

பையன் வேறு வழியில் வந்தான். "அப்பா, ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தா உங்க ஆர்ட்டிகிள் எல்லாம் ஸ்மூத்தா ஸ்க்ரோல் ஆகும்." என் பக்கங்கள் மேலும் கீழும் நகரும் அழகைப்பற்றி அவன் கவலைப்பட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

எல்லோருமாகக் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். விற்பனைப் பையன் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று லட்சத்தைத் தாண்டியது. விசைப்பலகைக்கு அடியிலிருந்து ஏழு நிறத்தில் வெளிச்சம் வந்தது. இன்னொன்று ஐம்பதாயிரத்துக்குக் கீழே. விசைப்பலகையில் வெளிச்சம் கிடையாது, திரையிலேயே கொஞ்சம்தான் இருந்தது.

அதன்பிறகு எண்கள் வந்தன. அந்தக் கடையில் நான் தெரிந்துகொண்ட முதல் உண்மை, பெட்டிமேல் பெரிதாக அச்சடித்த எண் எதுவும் முழு உண்மையைச் சொல்வதில்லை என்பதுதான்.

"ஏழு பெரிசா, அஞ்சு பெரிசா?" என்று கேட்டால் அப்பாகூடச் சரியாகச் சொல்லிவிடுவார். கணினிக் கடையில் சொல்ல முடியாது. இன்டெல் கோர் ஐ7-1255யு என்று ஒரு சில்லு. பத்து கோர் அதற்கு. அதில் பெரியவை 2, சிறியவை 8. கோர் ஐ5-12450எச் என்று இன்னொன்று. எட்டே கோர்தான், ஆனால் பெரியவை 4. முன்னதற்கு அடிப்படை மின்சக்தி 15 வாட், பின்னதற்கு 45 வாட். தொடர்ந்து கனமான வேலை கொடுத்தால் ஐந்து ஏழை முந்திவிடும். ஜாதகமெல்லாம் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. வாழ்நாளெல்லாம் வார்த்தையின் கடைசி எழுத்தைப் பார்த்தே சோறு தின்கிறவன் என்பதால் இது மட்டும் எனக்கு உடனே புரிந்தது.

கிராஃபிக்ஸ் கார்டு இதற்கும் மேல். ஆர்டிஎக்ஸ் 4060 என்று பெயர் ஒன்றுதான். மடிக்கணினிக்குள் அது 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். எத்தனை வாட் கொடுப்பது என்பது செய்கிற கம்பெனியின் இஷ்டம். ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர், வேகம் வேறு. வாட் கணக்கு, மாதிரியின் விவரப்பட்டியலில் யாரும் போகாத ஒரு மூலையில் கிடக்கும்.

பேட்டரி நேரம் என்று ஒன்று போட்டிருப்பார்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே வீடியோவை ஓடவிட்டு, வேறு எதையும் தொடாமல் அளந்த நேரம் அது. நாமும் அப்படியே இருட்டில் கைகட்டி உட்கார்ந்திருந்தால் அத்தனை மணி நேரம் வரும்.

சரி, எடையாவது பொய் சொல்லாதே என்று பார்த்தேன். 2.4 கிலோ, 1.4 கிலோ என்று போட்டிருந்தது. ஒரு கிலோதானே வித்தியாசம் என்று மச்சினன் தோளைக் குலுக்கினான். சார்ஜரை எடுத்துக் காட்டச் சொன்னேன். விற்பனைப் பையன் கொஞ்சம் தயங்கிவிட்டு, பெரிய பெட்டியின் அடியிலிருந்து அதை இரண்டு கையாலும் எடுத்து மேசைமேல் வைத்தான். மேசை சத்தம் போட்டது. முக்கால் கிலோவுக்குக் குறையாது. விளம்பரத்து எடையில் இது சேர்த்தியில்லை.

இந்த விஷயத்தில் பழைய ஆட்கள் யோக்கியர்கள். 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கணினியைக் கையில் தூக்கிப்போகலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். பேட்டரி கிடையாது, போகிற இடத்தில் கரண்ட் இருக்கவேண்டும். ஆனால் மின்சாரம் வாங்கித்தருகிற பாகமும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பதினொரு கிலோ என்றால் பதினொரு கிலோதான். பையின் பக்கவாட்டு ஜிப்பில் தனியாக ஒரு உண்மை ஒளிந்திருக்கவில்லை. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு தபால் கவரிலிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தார். உலகமே கைதட்டியது. எடை 1.36 கிலோ. கவருக்குள் சார்ஜர் இல்லாததை யாரும் கேட்கவில்லை.

கடையில் அந்த இரண்டு பெட்டிகளின் சார்ஜர்களையும் புரட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு ஞானம் வந்தது. தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் பெண்ணை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று எங்கள் பாட்டி சொல்வாள். சார்ஜரைப் பார்த்துவிட்டால் மடிக்கணினியைப் பார்க்க வேண்டியதில்லை. அதன் முதுகில் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். சின்னதில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர். பெருக்கினால் 65 வாட். பெரியதில் 20 வோல்ட், 11.5 ஆம்பியர், 230 வாட். இந்த இரண்டு எண்களையும் எந்த விளம்பரக்காரரும் தொடமாட்டார். தேவைக்குமேல் பெரிய சார்ஜரை எந்தக் கம்பெனியும் தர்மத்துக்குக் கொடுக்காது. ஆகவே அது எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் பெட்டியின் பசி. பசி தெரிந்தால் வேகம், சூடு, சத்தம் எல்லாம் தெரிந்துவிடும்.

சூட்டைச் சொல்கிறேன். ஒரு சாதாரண சீலிங் ஃபேன் ஓட 75 வாட் போதும். பெரிய பெட்டி முழு மூச்சில் ஓடினால் மூன்று ஃபேனுக்கான கரண்டைத் தின்னும். தின்றதில் அநேகமாக முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். சென்னையில், அக்னி நட்சத்திரத்தில், அந்தச் சூட்டை அறையிலிருந்து விரட்ட நாம் இன்னும் மூன்று ஃபேன் போடவேண்டும். உள்ளே இருக்கும் விசிறிகள் அறையின் காற்றைத்தான் இழுத்து ஊதும். அறையே நாற்பது டிகிரியில் கிடந்தால் அவை என்னதான் செய்யும்? சில்லு நூறு டிகிரியை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய வேகம் மே மாதம் முழுக்க விடுப்பில் போய்விடும்.

மச்சினன் விடவில்லை. "மாமா, இதுல 90 வாட்-அவர் பேட்டரி. அதுல அம்பதுதான்."

நல்ல பேட்டரிதான். விமானத்தில் அனுமதி கேட்காமல் எடுத்துப்போகலாம் என்ற வரம்பு 100 வாட்-அவர். அதனால்தான் பெரிய பெட்டிகள் 99-ல் நின்றுவிடுகின்றன. ஆனால் 230 வாட் தின்கிற ஜீவனுக்கு 90 வாட்-அவர் என்பது அரைமணி நேரத்துக்குக்கூட வராத சாப்பாடு. இது அதற்கே தெரியும் என்பதால், சார்ஜரைக் கழற்றியதும் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிய மறுகணம் லட்ச ரூபாய்ப் பெட்டி ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியாகிவிடும். எடை மட்டும் குறையாது. சின்னப் பெட்டியோ எழுதும்போது எட்டு வாட்டில் ஓடும். ஐம்பதை எட்டால் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல்.

பெரியதை வாங்குகிறவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். முகூர்த்தம் முடிந்து பந்தி முடிவதற்குள் முகூர்த்தத்தையே திரையில் போட்டுக்காட்டுவான். அவனுக்கு 230 வாட் வேண்டும். பெட்டி வேனில் போகிறது, மண்டபத்தில் அவன் முதலில் தேடுவது பிளக் பாயின்ட், அதன்பிறகுதான் பொண்ணு மாப்பிள்ளை. கட்டட வரைபடமும் முப்பரிமாண உருவமும் போடுகிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் வாங்குவது, போகிற இடத்தில் விரித்துப்போடுகிற ஒரு பட்டறை.

விலை குறைந்ததெல்லாம் உத்தமம் என்றும் சொல்லவில்லை. அந்த வரிசையில் இன்னும் கீழே இறங்கினால் பள்ளம் இருக்கிறது. விண்டோஸ் 11 கேட்கிற குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. அந்த அளவிலேயே கணினி கிடைக்கும். விண்டோஸ் வந்து குடியேறும், நமக்குத்தான் இடமிருக்காது. ரேமைப் போர்டோடு சேர்த்து சால்டர் பண்ணியிருந்தால் பின்னால் கூட்டவும் முடியாது. 1366-க்கு 768 திரையில் நம் சொந்த முகமே டைஃபாய்டிலிருந்து எழுந்துவந்த தோற்றத்தில் தெரியும். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 1920-க்கு 1080 ஐபிஎஸ் திரை. மெல்லியதை வாங்குகிறவர் இவற்றில் மட்டும் சிக்கனம் பிடிக்கக்கூடாது.

முடிவெடுக்க முடியாமல் நிற்கிறவர்களைக் கடைக்காரர்கள் தூரத்திலேயே கண்டுகொள்வார்கள். "சார், ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு" என்று மூன்றாவது பெட்டி வந்தது. இரண்டு கிலோ, வாட் குறைந்த கிராஃபிக்ஸ் கார்டு, எழுபத்தைந்தாயிரம். விளையாட்டுக்கு வேகம் போதாது, ரயிலுக்கு எடை அதிகம். வீட்டில் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத குடும்பத்தலைவர்களுக்காகவே தயாராவது அது. எனக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

அதுவரை பேசாமல் நின்ற மனைவி, 65 வாட் சார்ஜரை எடுத்து, அதன் முனையைத் தன் போனில் செருகிப் பார்த்தாள். டைப்-சி. பச்சை மின்னல் தெரிந்தது. "ஏங்க, இது என் போனுக்கும் சேருது. இதையே எடுத்துடுங்க." மச்சினன் வாயைத் திறந்தான், அக்கா முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

அதே காசுக்கு மேசைக் கணினி வாங்கினால் வேகம் அதிகம் என்று பையனுக்கு ஆறுதல் சொன்னேன். அவன் தொழிலைப் பிடித்துக்கொண்டுவிட்டான். "அப்ப எனக்கு 650 வாட்டுல ஒண்ணு" என்றான். பிளஸ் டூ மார்க் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவனும் வாட்டில் கேட்கிறான், நானும் மார்க்கில் கேட்கிறேன். இரண்டுமே பெட்டிமேல் ஒட்டாத எண்கள்.

இப்போது தினமும் ரயிலில் பை லேசாகத்தான் இருக்கிறது. விளம்பரத்தில் போட்ட 1.4 கிலோ, நாட்டிலேயே எங்கள் வீட்டில் மட்டும் நிஜமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். சார்ஜர் என் பைக்குள் வருவதே இல்லை. அது சமையலறை மேடையில் அவள் போனோடு இருக்கிறது.