டீச்சரம்மா போட்ட பாய்

திருப்பூரில் பனியன் தைக்க நாலு பவர் டேபிள் போட்டாலே முதலாளிதான். பத்து டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் நான் எப்பேர்ப்பட்ட முதலாளி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போதாததற்கு, அவிநாசி ரோட்டு ஓட்டல் ஒன்றில் தலைமைப் பண்பு வகுப்புக்குப் பணம் கட்டிப் போய், சான்றிதழை லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். ஆளின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம். பேசினேன். "கண்ணுல என்னங், பஞ்சு உழுந்துருச்சுங்களா?" என்றார் ஓவர்லாக் டைலர்.

பேத்தியை அங்கன்வாடியில் கொண்டுபோய் விடுவது என் வேலை. என்னை நம்பித் தரக்கூடிய ஒரே வேலை அதுதான் என்பது வீட்டம்மாவின் கணிப்பு.

அங்கே இருபது வாண்டுகள். ஒன்று அழுகிறது, அதைப் பார்த்து இன்னொன்று அழுகிறது, மூன்றாவது செருப்பைக் கடித்துப் பார்க்கிறது. பாதிப் பேர் வீட்டில் தமிழ். மீதி, பனியன் கம்பெனிக்கு வந்தவர்களின் ஒடியாவும் இந்தியும். டீச்சரம்மா அதட்டவில்லை. பாயில் சம்மணம் போட்டு, அடுத்தவருக்குக் கேட்டும் கேட்காத குரலில் ஒரு பாட்டை ஆரம்பித்தார். என்ன பாட்டு என்று தெரிந்துகொள்ளவே எல்லா வாயும் மூடிக்கொண்டது. ஒடியாப் பையன்தான் தமிழ்ப் பாட்டை முதலில் முடித்தான்.

1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது இந்த அங்கன்வாடித் திட்டம். அன்றிலிருந்து டீச்சரம்மாக்கள் தலையில் ஏறியதெல்லாம் இறங்கவே இல்லை. பிள்ளைகளை எடை பார்க்கணும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கணும், போனில் போஷன் டிராக்கர் செயலியை நிரப்பணும். பல ஊர்களில் வாக்காளர் பட்டியலும் இவர்களிடம்தான். கூட ஓர் ஆயா. என் கம்பெனியில் இதற்கு ஐந்து சூப்பர்வைசர் வேண்டும். அந்த ஐவரை மேய்க்க நான் வேண்டும்.

ஒருநாள் முட்டை கொடுக்கையில் ஒரு பொடிசு விட்டுப்போயிற்று. டீச்சரம்மா குந்தி உட்கார்ந்து, "டீச்சர் மறந்துட்டேன் சாமி, கோவிச்சுக்காத" என்றார். பொடிசு பெரிய மனசு பண்ணி மன்னித்தது. எங்கள் லைனில் அளவு மாறினால் கட்டிங் மாஸ்டர் டைலரைச் சொல்வார், டைலர் செக்கிங்கைச் சொல்வார், நான் நூலைச் சொல்வேன்.

டீச்சரம்மாவைப் பார்த்தால் எனக்கு மரியா மாண்டிசோரி ஞாபகம் வரும். இத்தாலிக்காரரான அவர் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். குழந்தை தானே செய்யட்டும், பெரியவர்கள் ஒதுங்கி நின்று கவனிக்கட்டும் என்பது அவர் வழி. ஒதுங்கி நிற்பது எனக்கு நன்றாகவே வரும். கவனிப்பதுதான் வராது.

கம்பெனியில் டீச்சரம்மாவின் மெல்லிய குரலை முயன்றேன். ஓவர்லாக் இரைச்சலில் ஒன்றும் எடுபடவில்லை. தொண்டை கட்டிவிட்டதென்று சுக்குக் காப்பி வந்தது. சரி, பாயையாவது பார்ப்போம் என்று பிசிறு வெட்டும் அக்காமார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் சட்டை தொப்பலாக நனைந்தது. மேலே சுற்றும் ஃபேன் காற்று மெஷின்களோடு நின்றுவிடுகிறது, தரைக்கு வருவதே இல்லை. "இத்தன வருசமா இப்பிடித்தானுங்" என்றார் ஓர் அக்கா, கத்தரியை நிறுத்தாமல்.

எழ முயன்றால் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இரண்டு ஹெல்பர்கள் பேல் தூக்குவதுபோல் தூக்கிவிட்டார்கள்.

புது ஃபேனுக்குக் காசு பார்த்து, என் ரூம் டேபிள் ஃபேனையே அங்கே வைத்துவிட்டேன். இப்போது ரூமில் உட்கார முடியவில்லை, அப்படி வேர்க்கிறது. அதனால் பாதி நாள் நானும் பிசிறு ஓரத்தில்தான். ஹெல்பர் இரண்டு பேரை மட்டும் எட்ட அனுப்புவதில்லை.