பத்துமலையில் நாலு வார்த்தை இத்தாலியம்

கேள்வி: அடிவாரத்தில் இளநீர் விற்கிறேன். இத்தாலிக்காரர்கள் வழி கேட்டால் கையைக் காட்டியே சமாளிக்கிறேன். இந்த வயதில் அவர்கள் மொழி நாலு வார்த்தை வருமா?
– ஒரு வாசகர், பத்துமலை

பதில்: தாராளமாக வரும் அண்ணே! 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி நம் மொழியைக் கற்று, வீரமாமுனிவராகி, 'சதுரகராதி' தொகுத்து, 'தேம்பாவணி'யும் பாடிவிட்டார். அவர் ஊர்க்காரருக்கு நாம் வழியாவது சொல்ல வேண்டாமா?

நேரே போங்க என்பதற்கு "செம்ப்ரே த்ரித்தோ". 'பத்து'மலை என்று அழுத்துகிறீர்களே, அதே 'த்' போதும். அவர்கள் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் நம் நாக்குக்கு இன்னும் சுலபம். வலப்பக்கம் "அ தெஸ்த்ரா", இடப்பக்கம் "அ சினிஸ்த்ரா". முருகன் சிலையைப் பார்த்து நின்றால் இராமாயணக் குகை "அ சினிஸ்த்ரா". கேஎல் சென்ட்ரல் திரும்ப ரயில் கேட்டால், "த்ரேனோ" என்று நிலையத்தைக் காட்டுங்கள்.

வழியைவிட முக்கியம் எச்சரிக்கை. ஒரு கையில் வாழைப்பழப் பை, மறு கையில் கைப்பேசி, கண்ணோ 42.7 மீட்டர் உயரச் சிலையின் உச்சியில். குரங்குக்கு வேறென்ன வேண்டும்? உடனே குரல் கொடுங்கள்: "அத்தென்ட்ஸியோனே, ஷிம்மியே!" குரங்கு, ஜாக்கிரதை என்று பொருள். மூச்சு வாங்கும் பெரியவர்களிடம் "பியானோ, பியானோ" என்று கனிவாகச் சொல்லுங்கள், மெதுவாக, மெதுவாக. ஏற வேண்டியது 272 படியாயிற்றே!

இறங்கி வருபவருக்கு ஒரே சொல் போதும்: "ஆக்வா". தண்ணீர். இளநீரை வெட்டி நீட்டுங்கள் அண்ணே, மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள்.