கசங்காத வேட்டி

அன்று கோயம்புத்தூரில் எங்கள் பெரியப்பாதான் பஞ்சுக்குப் பரிசோதனைக்கூடம். மில்லுக்கு லோடு வந்தால் பேலிலிருந்து ஒரு பிடி பிடுங்குவார். கட்டைவிரல்களுக்கு நடுவே இழுத்து இழுத்து, இழைகளை வரிசையாக்கி, நீளம் சொல்லிவிடுவார். சூவின் பஞ்சு என்றால் மட்டும் சாமி சன்னிதி மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

சூவின் நம்மூர்ப் பிள்ளை. கோவை ஆராய்ச்சி நிலையத்தார் சுஜாதா ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுப் பருத்தியான செயின்ட் வின்சென்ட்டையும் கலப்பினம் செய்து, 1974-இல் வெளியிட்டது. இழை நீளம் 38 மில்லிமீட்டர் அளவில். 120-ஆம் நம்பர் நூல் நூற்கலாம். அதற்காக யாரும் மரபணுவை வெட்டி ஒட்டவில்லை. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவி, தலைமுறை தலைமுறையாக நல்ல செடியைப் பொறுக்கினார்கள்.

பிறகு 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி வந்தது. இனிப் பஞ்சு பட்டாகிவிடும் என்று ஊரே பேசிக்கொண்டது. உள்ளே வைத்த மரபணுவுக்கோ இழையைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. அதன் சண்டையெல்லாம் காய்ப்புழுவோடு. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கும் பழகிக்கொண்டது.

இன்று பாரிஸில் இருக்கிறேன். இங்கே கூட வேலை பார்க்கும் பிரெஞ்சுக்கார நண்பர் மரபணு மாற்றிய மக்காச்சோளம் என்றாலே முகம் சுளிப்பார். 2008-இல் அந்தச் சோளச் சாகுபடியையே நிறுத்திய நாடு அல்லவா! அவர் போட்டிருக்கும் டி-ஷர்ட் எந்தப் பருத்தி என்று ஒரு நாள் கேட்டேன். லேபிளைத் திருப்பிப் பார்த்தார். சலவைக் குறிப்பு மட்டும் இருந்தது. ஐரோப்பியச் சட்டம் மரபணு விவரம் கேட்பது உணவுக்கும் தீவனத்துக்கும்தான். வயிற்றுக்குள் போகக் கூடாதது முதுகில் ஏறலாம்.

இங்கே ரூ பஜோல் தெருவில், 17-ஆம் இலக்கத்தில், மாணிக்க விநாயகர் ஆலயம். அதை ஒட்டிய இன்னொரு தெருவுக்கு பிலிப் தெ ஜிரார் பெயர். இங்கிலாந்துப் பருத்தியை விரட்ட, ஆளிநார் நூற்கும் இயந்திரம் செய்பவருக்குப் பத்து லட்சம் பிராங்க் என்று 1810-இல் நெப்போலியன் அறிவித்தார். ஜிரார் செய்து காட்டினார். பரிசு வரவில்லை, தெருப் பலகைதான் மிச்சம்.

தேர்த் திருவிழாவுக்கு முன்னால் அந்தப் பக்கம் வேட்டி வாங்கப் போனேன். நூறு சதவீதப் பருத்தி வேண்டும் என்றேன். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏன் அண்ணை கரைச்சல்? இதைக் கொண்டுபோங்கோ. கசங்காது. தோய்ச்சுப்போட்டு அப்பிடியே கட்டலாம்."

பாலியெஸ்டர் கலந்தது. 1996-இல் அமெரிக்காவின் அக்ராசீட்டஸ் நிறுவன ஆய்வாளர்கள் பாக்டீரியாவின் மரபணுக்களைப் பருத்திக்குள் செலுத்தி, இழைக்குள்ளேயே ஒருவகைப் பாலியெஸ்டரை உண்டாக்கினார்கள். தேறியது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆய்வகம் திணறிய கலவையை, நெசவாலை எந்த மரபணுவும் இல்லாமல் முடித்து, மடித்து, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டது.

சூவினை இன்று பயிரிடுவோர் மிகச் சிலர். வயது நீண்ட பயிர், மகசூல் குறைவு. கட்டுப்படியாகும் விலை கிடைத்தால்தானே விதைப்பார்கள்? நீள இழைக்கு எந்த மரபணு என்பதை அறிவியலாளர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பஞ்சுக்குக் காசு கொடுத்து, வாங்கிய வேட்டிக்கு இஸ்திரியும் போடுகிற ஆளை எந்த ஆய்வகத்தில் வளர்ப்பது? நானே கசங்காததைத்தான் வாங்கினேன்.