எறும்புக்கும் சிறகு உண்டு

கேள்வி: இலவசப் பயணத்துக்கு உதவும் விமான மைல்களைச் சேர்ப்பவர்களில் எத்தனை வகை?

பதில்: மூன்று வகை. முதலாமவர் வேட்டைக்காரர்; சலுகையை மோப்பம் பிடிப்பவர். 1999-இல் கலிஃபோர்னியப் பொறியாளர் ஒருவர் சுமார் 3,000 டாலருக்கு 12,000-க்கும் மேற்பட்ட புட்டிங் கோப்பைகளை வாங்கினார்; அவற்றின் லேபிள்களை அனுப்பினால் விமான மைல்கள் தருவதாக ஒரு சலுகை இருந்தது. புட்டிங்கை சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்புக்குக் கொடுத்தார். அவர்கள் லேபிள்களை உரித்துத் தந்தார்கள். கிடைத்தவை 12 லட்சத்துக்கும் அதிகமான மைல்கள்!

இரண்டாமவர் எறும்பு; சேர்ப்பார், செலவழிக்க மனம் வராது. மூன்றாமவர், அம்மாவை ஒருமுறையாவது ஜன்னலோரத்தில் உட்காரவைக்கச் சேர்ப்பவர். என் ஓட்டு இவருக்கே.

எறும்புகளுக்கு ஒரு வார்த்தை: மைலுக்கு வட்டி கிடையாது, விமான நிறுவனம் நினைத்தால் அதன் மதிப்பு ஒரே நாளில் குறையும். மழைக்காலத்தில் எறும்புக்கும் சிறகு முளைக்கிறதே, நீங்களும் பறந்துவிடுங்கள்!